எங்கள் வழுக்கையாறு

(நூற்றாண்டு ஒன்றுகூடலில் முன்னாள் புவியியல் ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)



முதலில் ஒரு பிழையை ஒப்புக்கொள்ள வேண்டும். "யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறுகள் இல்லை" என்று எத்தனையோ வருடங்கள் படிப்பித்தவள் நான். அப்படி எழுதிய விடைகளுக்குச் சரி போட்டும் இருக்கிறேன். புள்ளி வாங்கிய சிலர் முன்வரிசையில் இருந்து சிரிக்கிறீர்கள்! அண்மையில் வெள்ளவத்தைப் பாலத்தில் நின்று வாய்க்காலைப் பார்த்த என் பேத்தி, "அம்மம்மா, உங்கட ஊரில ஆறு இருக்கா?" என்று கேட்டாள். "இல்லை" என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் வழுக்கையாறு நினைவுக்கு வந்தது.

தெல்லிப்பழை, அளவெட்டிப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய், நவாலி, வட்டுக்கோட்டைப் பக்கங்களால் தென்மேற்காக இறங்கி, அராலியில் கடல்நீரேரியோடு சேருகிறது. நீளம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர். 335 கிலோமீற்றர் ஓடும் மகாவலிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டாம். மாரியில் மட்டும் ஓடும். கோடையில் அதற்குள் மாடு மேயும்.

மலையில்லாத இடத்தில் பள்ளத்தாக்கு ஏது என்று கேட்பீர்கள். கண்ணுக்குப் பிடிபடாத சரிவுதான். ஆனால் பயிரைப் பார்த்தால் தெரியும். மேட்டுச் செம்பாட்டு மண்ணில் புகையிலை, வெங்காயம், வாழை, பள்ளத்தில் நெல்வயல். அந்த வயல்களின் நடுவால்தான் ஆறு போகிறது.

நமது நிலத்தின் அடியில் சுண்ணக்கல். மழைநீர் அதைக் கரைத்துக் கரைத்து வெடிப்பும் பொந்தும் ஆக்கியிருக்கிறது. நிலாவரையும் கீரிமலையும் அதன் பிள்ளைகள். பெய்யும் மழையில் பெரும்பகுதி உள்ளே இறங்கிவிடுவதால் மேலே ஆறுகள் உருவாகவில்லை. உள்ளே இறங்கிய நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நாம் கிணற்றில் அள்ளிக் குடித்து வளர்ந்தது அந்தப் படையைத்தான். கூடுதலாக இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். மாரிவெள்ளத்தைக் குளம் குளமாக நிறுத்தி, மெல்ல மெல்ல நிலத்துக்குள் இறக்கிவிடுவது வழுக்கையாறு. அராலியில் தடுப்பணை கட்டியதும் கடல்நீர் மேலேறாமல் இருக்கத்தான்.

இனி என் வீட்டுக் கதை. ஆற்றோரத்தில் அம்மா வழியால் வந்த மூன்று பரப்பு வயல் எங்களுக்கு உண்டு. ஒருவர் நல்ல விலைக்குக் கேட்கிறார். மண் கொட்டி உயர்த்தி, மதில் கட்டி, வீடு எழுப்பப் போகிறாராம். கனடாவில் இருக்கும் தங்கை, "வித்துப்போடு அக்கா, ஆர் போய் விதைக்கிறது?" என்கிறாள். அவள் கேட்பதும் நியாயம்தான். ஆனால் அந்த மூன்று பரப்பிலும் நிற்கிற வெள்ளம் பிறகு எங்கே போகும்? அயல்வீட்டு அடுப்படிக்குள் போகும். அல்லது மண்ணுக்குள் இறங்காமல் நேரே கடலுக்குப் போய்விடும். நான் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இந்த மண்டபத்தில் அந்தப் பக்கம் காணியுள்ளவர்கள் பலர் இருக்கிறீர்கள். கொழும்பில் இருந்துகொண்டு உறுதி முடிக்க முன்னர், ஒரு கார்த்திகை மாதம் போய், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மார்கழி விடுமுறைக்குப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போகிறேன். சண்டிலிப்பாய்ப் பக்கம் ஒரு மதகில் நின்றால் ஆற்றைக் காட்டலாம். மழைதான் பெய்ய வேண்டும்.