வெட்டிய பாடம் யாருடையது?



2019-ல் மத்திய சர்க்காரின் என்.சி.இ.ஆர்.டி. ஒன்பதாம் வகுப்புச் சரித்திரப் புத்தகத்திலிருந்து மூன்று பாடங்களை வெட்டியது. பிள்ளைகளின் சுமையைக் குறைக்கிறார்களாம்! ஒன்று கிரிக்கெட், அது போகட்டும். மற்றவை? முதலாளித்துவமும் காலனி ஆட்சியும் குடியானவன் வாழ்வை எப்படிக் குலைத்தன என்பது ஒன்று. திருவிதாங்கூர் நாடார் பெண்கள் மேல்சீலை உரிமைக்குப் போராடியதைச் சொன்னது மற்றொன்று. காந்தி கொலைக்குப் பின் ஆர்.எஸ்.எஸ். தடைசெய்யப்பட்ட செய்தியும் 2023-ல் வந்த பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தில் இல்லை.

நம் தஞ்சைக்கு வருவோம். பண்ணையாளுக்குக் கொடுத்த சவுக்கடியையும் சாணிப்பாலையும் எந்த மிராசுதார் ஏட்டில் எழுதி வைத்தார்? தோழர் பி. சீனிவாசராவ் சேரி சேரியாய் நடந்து சங்கம் கட்டினார். போராடித்தான் அடியை நிறுத்தினோம். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கூலி உயர்வு கேட்டதற்கு, 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையோடு கொளுத்தினார்கள். இதெல்லாம் பெரும்பாலும் நம் கிழவர்கள் வாயில்தான் இருக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

ஆலைத் தோழர்களே, எட்டு மணி வேலை யாரும் போட்ட பிச்சையல்ல என்பது உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா?

வருகிற ஞாயிறு முதல் சங்கக் கொட்டகையில் பெரியவர்களை உட்காரவைத்து, கேட்டு எழுதப் போகிறோம். எழுதத் தெரிந்த பிள்ளைகளை நோட்டுப் புத்தகத்தோடு அனுப்புங்கள்.