புகைவண்டிப் பயணமும் பொதுமக்கள் கடமையும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் நிற்க வேண்டிய மேடையில், மெட்ரிகுலேஷனோடு படிப்பை முடித்து, கோப்பும் பேனாவுமாகக் காலங்கழிக்கும் எங்களைப் போன்ற இரயில்வே எழுத்தர்களையும் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இலக்கியம் பேச எங்களுக்குத் தகுதியில்லை. ஆகவே தெரிந்த இருப்புப்பாதையைப் பற்றியே பேசத் துணிகிறோம். புகை போய் மின்சாரம் வந்த பின்னும் நம் வீடுகளில் அது புகைவண்டியாகவே இருக்கிறது. இங்குக் கூறப்போவன எந்த அலுவலகத்தின் கருத்துகளும் அல்ல. டிக்கட் வாங்கிப் பயணம் செய்யும் குடிமக்களின் எண்ணங்கள் என்றே கொள்ள வேண்டுகிறோம்.

குடிமகன் சொல்லி இரயில்வே கேட்குமா என்று சிலர் வினவலாம். 1917-ஆம் ஆண்டில் காந்தியடிகள் மூன்றாம் வகுப்பில் பயணம் செய்து, அங்குக் கண்ட நெரிசலையும் அழுக்கையும் பத்திரிகைகளுக்குக் கடிதமாக எழுதினார். அந்த மூன்றாம் வகுப்பு 1974-இல் ஒழிந்தது. வெறும் மரப்பலகையாயிருந்த இரண்டாம் வகுப்புப் படுக்கைக்கு மெத்தை வந்தது மது தண்டவதே இரயில்வே அமைச்சராயிருந்த 1977–79 காலத்தில். காலம் தாழ்ந்தாலும், சொன்ன சொல் வீண்போகவில்லை என்பதற்கு இவை சான்று. சொல்லாமல் முணுமுணுத்துக் கொண்டிருந்தவர்களுக்காக எதுவும் மாறியதாக நாம் அறியோம்.

நம் கரக்பூர் வழியே இரு திசையிலும் மக்கள் வெள்ளம் ஓடுகிறது. தெற்கிலிருந்து காளிகட்டத்தையும் கயையையும் காண முதியோர் வருகின்றனர். வடக்கிலிருந்து தெற்கே போகிறவர்களிலோ பெரும் பகுதியினர் நோயாளிகள். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையுடன் வேலூரில் தொடங்கிய மருத்துவமனையை நாடி, வங்கத்துக் குடும்பங்கள் இன்றும் சாரிசாரியாகச் செல்கின்றன. அந்த மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்க எழுத்தில் கடைப் பலகைகள் தொங்குவதைக் கண்டவர்கள் இச்சபையிலும் இருப்பீர்கள். நம் காலனியிலேயே, “தாதா, இதைத் தமிழில் எழுதித் தாருங்கள்” என்று ஒரு தாளுடன் வாசலில் நிற்கும் பக்கத்து வீட்டாரை அறியாத குடும்பம் உண்டோ? சுற்றுலா என்றால் கடற்கரையும் கோவிலும் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. நோய்க்காகப் போகிறவனும் வழிப்போக்கனே. வேறெவரினும் உதவி தேவைப்படும் வழிப்போக்கன் அவனே.

நம் கருத்துகளில் முதலாவது, இருக்கின்ற சலுகைகளை மக்கள் அறியச் செய்தல். புற்றுநோய்ச் சிகிச்சைக்காகச் செல்பவருக்கு ஸ்லீப்பர் வகுப்பிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் அடிப்படைக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி. துணைக்குச் செல்லும் ஒருவருக்கு 75 விழுக்காடு தள்ளுபடி. 2020 மார்ச்சில் முதியோர் சலுகை நிறுத்தப்பட்டது; நோயாளிகளுக்கான சலுகை நிறுத்தப்படவில்லை. இரண்டும் ஒன்றாகப் போய்விட்டன என்று நம்பி, முழுக் கட்டணம் கொடுத்துச் செல்பவர்களை எழுத்தர்களாகிய நாங்கள் காண்கிறோம். மருத்துவரின் கையொப்பமுள்ள உரிய படிவம் இருந்தால் போதும் என்பதை வங்கத்திலும் இந்தியிலும் எழுதி, ஒவ்வொரு முன்பதிவு கௌண்டரின் முன்னும் மாட்டி வைப்பதற்கு எவ்வளவு செலவாகும்?

இரண்டாவது, வட்டப் பயணச் சீட்டு. ஓர் ஊரில் புறப்பட்டுப் பல ஊர்களைக் கண்டு, புறப்பட்ட ஊருக்கே திரும்ப ஒரே டிக்கட் உண்டு. வழியில் எட்டு இடங்கள் வரை இறங்கித் தங்கலாம். இரயில் கட்டணம் தொலைவு கூடக்கூடக் கிலோமீட்டருக்குக் குறைந்துகொண்டே வரும் தன்மையது. ஆதலால் துண்டு துண்டாக வாங்கும் டிக்கட்டுகளைவிட இவ்வொரு டிக்கட் மலிவு. கோடை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நம் குடும்பங்கள் சென்னை, மதுரை, நாகர்கோவில், திருவனந்தபுரம், கோயம்புத்தூர் என்று சுற்றிவர இது எவ்வளவு ஏற்றது! ஆயினும் இதைக் கேட்டு வருபவர் அரிது. வழியை எழுதிக் கொடுத்து, கட்டணம் கணக்கிட்டு வாங்கி, ஒவ்வொரு கட்டத்திற்கும் தனியே இடம் பதிய வேண்டியிருப்பதால், கேட்டவரும் சலித்து விடுகின்றனர். மாணவர்க்கும் குடும்பங்களுக்கும் ஏற்ற சில வட்டங்களை ஆயத்தமாக வகுத்து, விலையும் அச்சிட்டுக் கௌண்டரிலேயே கொடுத்தால், நாட்டைக் காணும் ஆவல் தானே வளரும்.

மூன்றாவது, திரும்பி வரும் படுக்கை. 2024 நவம்பர் முதல் முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்குகிறது. அதற்குமுன் 120 நாட்களாயிருந்தது. போகும் நாளை நோயாளி அறிவான். மருத்துவர் விடைகொடுக்கும் நாளை அவன் எவ்வாறு அறிவான்? அறுவை முடிந்த உடம்போடு காத்திருப்புப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு விடுதி வாடகை கொடுப்பதும், தட்கலில் கிடைக்காமல் பொதுப் பெட்டியில் ஏறுவதும் அதனால் நேர்கின்றன. சென்னையிலிருந்தும் காட்பாடியிலிருந்தும் கிழக்கே வரும் வண்டிகளில், மருத்துவமனை விடுவிப்புச் சீட்டைக் காட்டுவோர்க்கென்று மேலும் சில கீழ்ப் படுக்கைகளைக் கடைசி நாள் வரை வைத்திருக்கலாம். எஞ்சினால் காத்திருப்போர்க்குத் தரலாம், இரயில்வேக்கு நட்டமில்லை.

நான்காவது, நிலையத்தின் நீளம். நம் கரக்பூர் பிளாட்பாரம் 1,072 மீட்டர். உலகிலேயே நீளமானது என்று பாடப் புத்தகங்களில் படித்து மகிழ்ந்தோம். 2013-இல் கோரக்பூரும், 2023-இல் 1,507 மீட்டர் நீளத்தோடு ஹூப்ளியும் நம்மை முந்திவிட்டன. பெருமை போனதைப் பற்றி வருந்த வேண்டாம். ஒரு கையில் டிரங்குப் பெட்டியும் மறு கையில் பேரனுமாக, எந்தப் பெட்டி எங்கே நிற்கும் என்று அறியாமல் ஓடும் பாட்டிக்கு அந்த நீளம் என்றைக்குப் பெருமையாயிருந்தது? பெட்டி நிற்கும் இடத்தைக் காலத்தோடு அறிவித்தல், முதியோர்க்கு மின்கல வண்டி, நூறடிக்கொரு பெஞ்சு, குடிநீர்: நிலையத்தின் சிறப்பு இவற்றால் அளக்கப்பட வேண்டும். அருகிலேயே விஷ்ணுபூரில் 1643-இல் கட்டிய சியாம்ராய் கோவிலும் 1655-இல் கட்டிய ஜோர் பங்களாக் கோவிலும் சுட்ட மண்ணில் இதிகாசம் காட்டி நிற்கின்றன. அடுத்த வண்டிக்காக நாள் முழுதும் காத்திருக்கும் பயணிக்கு அதைச் சொல்லும் ஒரு பலகை, ஒரு வண்டி நேரம் போதாதா?

ஐந்தாவதைச் சொல்ல நெஞ்சு கனக்கிறது. 2023 ஜூன் 2-ஆம் நாள் மாலை, நம் நிலையத்தைக் கடந்து தெற்கே சென்ற கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பாலசோருக்கு அப்பால் பாஹாநாகா பஜாரில் விபத்துக்குள்ளாயிற்று. 290-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தெற்கே கூலி வேலை தேடிச் சென்ற இளைஞர் பலர் முன்பதிவில்லாப் பெட்டிகளில் இருந்தனர். அப்பெட்டியில் ஏறியவர்க்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. உரிமை கோருவாரின்றி எஞ்சிய உடல்கள் நான்கு மாதங்கள் கழித்துத் தகனம் செய்யப்பட்டன. பெற்றவள் எங்கோ ஓர் ஊரில் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாள் அல்லவா? டிக்கட் வாங்கியவன் எவனும் பெயரற்றவன் ஆகலாகாது. விருப்பமுள்ள பொதுப் பெட்டிப் பயணிகள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதிந்துகொள்ள நிலையங்களில் எளிய ஏற்பாடு வேண்டும். அதுவரை, பெயர், ஊர், உறவினர் எண் எழுதிய ஒரு சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் வழக்கத்தையாவது நாம் பரப்பலாம்.

இவை அரசாங்கம் செய்ய வேண்டியவை. நம் சங்கம் செய்ய வேண்டியதும் உண்டு. அதற்காகவே இவ்வளவும் கூறினோம்.

வங்கமும் தமிழும் ஒருங்கே அறிந்தோர் இவ்வூரில் நம்மைப்போல் வேறெவர் உளர்? “காட்பாடி எப்போது வரும்?”, “இவருக்கு நடக்க முடியாது”, “மருந்துக் கடை எங்கே?” என்பன போன்ற ஐம்பது தமிழ்த் தொடர்களை வங்க எழுத்தில் ஒரே தாளில் அச்சிடுவோம். மறுபக்கத்தில் சலுகைப் படிவம் பெறும் முறையும் 139 என்னும் உதவி எண்ணும் இருக்கட்டும். தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர்க்கு வங்கத் தொடர்களைத் தமிழ் எழுத்தில் மற்றொரு தாளாகத் தருவோம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் சங்கத்து இளைஞர் இருவர் மன்றத்தில் அமர்ந்து, படிவம் நிரப்பித் தந்தால் எத்தனை குடும்பங்களுக்குக் கை கொடுத்தவர்களாவோம்! மேலே கூறிய ஐந்து கோரிக்கைகளையும் மனுவாக எழுதிக் கோட்ட இரயில் பயணிகள் ஆலோசனைக் குழுவிற்கு அனுப்புவோம். மனு எழுதும் பணியை எழுத்தர்களாகிய நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அது ஒன்றுதான் எங்களுக்கு நன்றாக வரும்.

துண்டுத் தாளால் படுக்கை பெருகாது, உண்மை. ஆனால் மொழி தெரியாத ஊரில் நோயாளியை அழைத்துக்கொண்டு இறங்கும் ஒரு தாய்க்கு, கையிலுள்ள தாள் பாதி அச்சத்தைப் போக்கும். நம் பாட்டனாரும் தந்தையாரும் மொழி அறியாமல் இந்த நிலையத்தில் வந்து இறங்கியபோது, வழி காட்டி, வீடு பார்த்துக் கொடுத்து, அரிசி கடன் கொடுத்தவர்கள் இவ்வூர் மக்கள். அந்தக் கடன் நம் கணக்கில் இன்னும் நிலுவையில் நிற்கிறது. தீர்க்கும் வாய்ப்பு அன்றாடம் நம் பிளாட்பாரத்திலேயே வந்து நிற்கிறது.

அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு வேண்டி அமைகிறோம்.