போர்ப் படங்கள் சொல்வதும் சொல்லாததும்



படம் பார்ப்பதென்றால் நமக்குக் கொள்ளை ஆசை. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில், பொழுது சாயும் முன்பே பாயை விரித்து இடம் பிடித்தவர்கள் நம்மவர்கள். இன்று படங்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டன. பிள்ளைகள் பலர் விரும்பிப் பார்ப்பது சண்டைப் படங்களைத்தான். “வெறும் வெட்டுக்குத்துதானே” என்று பெற்றோர் அவற்றை ஒதுக்கிவிடுவதும் உண்டு. ஆனால் நல்ல போர்ப் படம் ஒரு சரித்திரப் பாடம். அதைப் பார்க்கத் தெரிந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பார்க்கும்போது மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது எந்தக் காலத்துப் போர்? யாருடைய கண்ணால் காட்டப்படுகிறது? இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள்? இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு நான்கு படங்களைப் பார்ப்போம்.

முதலாவது, 1960இல் வெளிவந்த ‘ஸ்பார்ட்டகஸ்’. இது ரோமாபுரியின் அடிமைகளைப் பற்றிய கதை. கி.மு. 73ஆம் ஆண்டில், வேடிக்கைக்காக ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளப் பழக்கப்பட்ட அடிமைகள் சிலர் தப்பி ஓடினார்கள். அவர்களுடைய தலைவன் ஸ்பார்ட்டகஸ். நாளடைவில் பல்லாயிரம் அடிமைகள் அவனுடன் சேர்ந்தார்கள். கி.மு. 71இல் ரோமானியப் படை அவர்களை முறியடித்தது. பிடிபட்ட 6,000 பேர் சாலையோரமாகச் சிலுவையில் அறையப்பட்டார்கள். படத்தில் ஸ்பார்ட்டகஸும் சிலுவையில் சாகிறான். சரித்திரமோ அவன் போர்க்களத்திலேயே மாண்டான், உடல் கிடைக்கவில்லை என்கிறது. உருக்கத்துக்காகப் படக்காரர்கள் கதையை மாற்றுவார்கள் என்பதற்கு இது ஒரு சான்று.

இரண்டாவது, 1970இல் வந்த ‘வாட்டர்லூ’. நெப்போலியன் இறுதியாகத் தோற்ற போர் இது. நடந்த நாள் 1815 ஜூன் 18. முதல் நாள் இரவு பெய்த மழையில் நிலம் சேறாகிவிட்டது. பீரங்கிகளை நகர்த்துவது கடினம் என்பதால், தரை காயட்டும் என்று நெப்போலியன் நண்பகல் நெருங்கும்வரை காத்திருந்தான். அந்தத் தாமதம் எதிரிக்கு உதவியது. பிரஷ்யப் படை வந்து சேர அவகாசம் கிடைத்தது. மழைச் சேற்றில் நடந்து வேலைக்குப் போனவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. இந்தப் படத்துக்காகச் சோவியத் படைவீரர்கள் ஏறத்தாழ 15,000 பேர் களத்தில் நின்றார்கள். முடிவில், பிணங்கள் குவிந்து கிடக்கும் வயலினூடே வென்ற தளபதி குதிரையில் போகிறார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை. அந்தக் காட்சியைப் பிள்ளைகள் தவறாமல் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, முதல் உலகப் போரைக் காட்டும் ‘ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரன்ட்’. 1930இல் அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. ஆனால் ஜெர்மானியச் சிப்பாயின் கண்ணால் போரைக் காட்டுகிறது. ஆசிரியர் ஒருவர் வீராவேசமாகப் பேச, வகுப்பு மாணவர்கள் பட்டாளத்தில் சேர்கிறார்கள். பதுங்குகுழிகளில் பசியும் எலியும் பீரங்கிக் குண்டும்தான் அவர்களுக்குக் கிடைக்கின்றன. ஒருவர் பின் ஒருவராக மடிகிறார்கள். எதிரியும் தாய் பெற்ற பிள்ளைதான் என்று சொல்லும் படம் இது. ஜெர்மனியில் நாஜிகள் கலகம் செய்ததால் அங்கே தடை விதிக்கப்பட்டது. போரை வேண்டுகிறவர்களுக்கு இத்தகைய படம் பிடிக்காது என்பதில் வியப்பென்ன?

நான்காவது படம் நம் வீட்டுக் கதையைத் தொடுகிறது. 1957இல் வந்த ‘தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்’, ஏழு ஆஸ்கார் பரிசுகள் பெற்றது. சயாமில் ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயப் போர்வீரர்கள் ரயில் பாலம் கட்டுவதும், அது வெடிவைத்துத் தகர்க்கப்படுவதும் கதை. படம் பிடித்த இடம் இலங்கையிலுள்ள கித்துல்கல. நடிப்பும் காட்சிகளும் மிகச் சிறந்தவை. ஆயினும் உண்மையான பாலம் படத்தில் காட்டுவதுபோல் தகர்க்கப்படவில்லை. 1945இல் விமானக் குண்டுகளால் சேதமடைந்தது.

இப்போது மூன்றாவது கேள்வியைக் கேளுங்கள். இதில் விடுபட்டவர்கள் யார்?

நேயர்களே, அந்த ரயில்பாதையின் நீளம் ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைக்கப்பட்டன. அதில் வேலை செய்த போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆனால் ஆசியத் தொழிலாளர்களோ அவர்களைப்போல் பல மடங்கு. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அவர்களுள் இருந்தார்கள். கூலி கிடைக்கும், சில மாதங்களில் திரும்பலாம் என்ற பேச்சை நம்பிப் போனவர்கள் உண்டு. பலவந்தமாக ஏற்றப்பட்டவர்களும் உண்டு. இலவசப் படக்காட்சி என்று அழைத்து, கதவைச் சாத்தி, ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனதாகவும் பதிவுகள் சொல்கின்றன.

காலராவும் மலேரியாவும் பட்டினியும் அடியும் அவர்களைக் கொன்றன. போர்க்கைதிகளிடம் தங்கள் மருத்துவர்களாவது இருந்தார்கள். நம்மவருக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேருக்கு அழகாகப் பராமரிக்கப்படும் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நம்மவரில் பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. கணவன் வருவான் என்று தோட்டத்தில் காத்திருந்த பெண்களுக்குக் கடிதமும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

இதனால் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் பாருங்கள். படம் முடிந்ததும் பிள்ளைகளை அருகே அழைத்து, “இந்தப் பாதையில் நம் ஆட்களும் செத்தார்கள்” என்று சொல்லுங்கள். சயாமுக்குப் போனவர்கள் இன்று அநேகமாக நம்மிடையே இல்லை. அவர்கள் சொல்லக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். வீட்டுப் பாட்டியிடம், பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் கேளுங்கள். யார் போனார், எந்தத் தோட்டத்திலிருந்து போனார், திரும்பினாரா? ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கோடிக்கணக்கில் செலவிட்ட படம் விட்டுவிட்ட பெயரை, பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் பென்சில் காப்பாற்றிவிடும்.