இடைநிலமும் காடே



காட்டுயிர் ஆய்வாளர்களே, வனத்துறை நண்பர்களே, மாணவர்களே, அறிவியலைத் தாய்மொழியில் பேசிப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு இந்தக் கருத்தரங்கைக் கூட்டியிருக்கும் புனே வாழ் தமிழர்களே!

காட்டு வழித்தடங்களைப் பற்றிப் பேசத் தாபோடியா இடம் என்று நண்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பழைய மும்பை-புனே சாலை, ரயில் பாதை, அரசுப் பேருந்துப் பணிமனை, ராணுவப் பொறியியல் கல்லூரி, பவனா ஆறு முலாவில் கலக்கும் இடத்தை ஒட்டி நெருக்கியடித்த குடியிருப்புகள். இவ்வளவுதான் தாபோடி. ஆனால் இந்தியக் காடுகளின் நிர்வாக வரலாற்றில் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. அங்கிருந்தே தொடங்குகிறேன்.

1828இல், ஜான் மால்கம் பம்பாய் ஆளுநராக இருந்தபோது, இங்கே ஒரு தாவரவியல் தோட்டம் அமைந்தது. அன்றைய ஆங்கில ஆவணங்களில் ஊரின் பெயர் 'தாபூரி'. 1838 முதல் தோட்டத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் கிப்சன். அவர் காலத்தில், பெயர் தெரியாத ஓர் இந்திய ஓவியர் இங்கே பூத்த செடிகளைப் பார்த்து வரைந்த தாள்கள் எடின்பரோ தாவரவியல் பூங்காவில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. மலைக்காடுகளை வெட்டினால் கீழே ஓடைகளும் கழிமுகங்களும் என்ன ஆகும் என்று அரசுக்கு எழுதி எச்சரித்தவர்களில் கிப்சனும் ஒருவர். 1847இல் பம்பாய் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக அவர் அமர்த்தப்பட்டார். செடி வளர்த்த இந்த ஊர்த் தோட்டத்திலிருந்துதான் மேற்கிந்தியாவின் வன நிர்வாகம் புறப்பட்டது.

அந்த நிர்வாகம் நமக்கு விட்டுச்சென்ற முதன்மையான கருவி எல்லைக்கோடு. 1878ஆம் ஆண்டு வனச் சட்டம் காப்புக்காடு, பாதுகாக்கப்பட்ட காடு என்று நிலத்தை வகுத்தது. கோட்டுக்கு உள்ளே வனத்துறை, வெளியே வருவாய்த்துறை. மரம் நின்றால் காடு, புல் மட்டும் முளைத்தால் தரிசு. தலைமுறை தலைமுறையாக அங்கே மேய்த்தும் பொறுக்கியும் வாழ்ந்தவர்கள் ஒரே கையெழுத்தில் அத்துமீறியவர்கள் ஆனார்கள். விடுதலைக்குப் பின் வந்த 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் கோடு வரைந்துதான் சரணாலயங்களை உண்டாக்கியது. அந்தக் கோடுகளால்தான் இன்றும் நம்மிடம் புலிகள் எஞ்சியிருக்கின்றன. இதை மறந்து பேசினால் அது நன்றிகேடு.

ஆனால் கோட்டுக்கு உள்ளே இருப்பதைக் காக்க நூற்றைம்பது ஆண்டுகளாகப் பழகிய நாம், இரண்டு கோடுகளுக்கு நடுவே கிடக்கும் நிலத்தை எப்படிக் காப்பது என்று இன்னும் பழகவில்லை. அங்கே குடியிருக்கும் மனிதரைக் கூட்டாளியாக்காமல் அதைப் பழகவும் முடியாது. இந்த உரையில் நான் வைக்கும் கருத்து இது ஒன்றே.

தமிழ்நாட்டு ஏரிப்பாசனத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க நீண்ட கோட்பாடு தேவையில்லை. ஓர் ஏரிக்குக் கரை பலமாக இருக்கலாம், மதகு பழுதில்லாமல் இருக்கலாம். வரத்துக்கால் தூர்ந்துவிட்டால் அந்த ஏரி செத்த ஏரிதான். உடனே சாகாது. முன்பு தேங்கிய தண்ணீர் சில காலம் நிற்கும். பார்ப்பவர்கள் ஏரி நன்றாக இருப்பதாகவே நினைப்பார்கள். கலங்கல் அடைபட்டாலும் கேடுதான். மேல் ஏரியின் மிகுதி நீர் அடுத்த ஏரிக்குப் போக வழியில்லாமல் கரையை அரிக்கும். காடும் அப்படித்தான். வளர்ந்த ஆண் புலிக்குட்டி தாயின் இடத்தைவிட்டு வெளியேறியாக வேண்டும். வேறொரு காட்டிலிருந்து புது ரத்தம் வந்து சேர்ந்தாக வேண்டும். கடல் தீவுகளை வைத்துச் சூழலியலாளர்கள் மக்ஆர்தரும் வில்சனும் 1967இல் வெளியிட்ட நூல் இந்தச் சிந்தனைக்கு அறிவியல் வடிவம் தந்தது. தீவு சிறியதாகவும் தொலைவாகவும் இருந்தால் அது தாங்கும் உயிரினங்களின் எண்ணிக்கை குறையும். நம்முடைய சரணாலயங்கள் கடல் சூழாத தீவுகள்.

புனே மாவட்டத்துக்குள்ளேயே பாருங்கள். பாராமதி வட்டத்தில் சுபே அருகே மயூரேஷ்வர் சரணாலயம் இருக்கிறது. சிங்காரா என்னும் இந்தியச் சிறுமானுக்காக ஒதுக்கப்பட்டது. பரப்பு ஐந்து சதுர கிலோமீட்டருக்குச் சற்று மேல். அந்த ஐந்து சதுர கிலோமீட்டரை மட்டும் நம்பி ஒரு மான் கூட்டம் தலைமுறைகளைக் கடக்க முடியாது. அதை வாழவைப்பது சுற்றியிருக்கும் கிராமங்களின் 'மாளரான்', அதாவது மேட்டுப் புல்வெளி. தங்கர் சமூகத்து மேய்ப்பர்கள் ஆட்டுக் கிடையோடு போகும் அதே புல்வெளியில்தான் ஓநாயும் திரிகிறது. நம் ஆவணங்களில் அந்த நிலத்துக்குப் பெயர் தரிசு. தரிசு என்று எழுதிவிட்டால் அதைத் தொழிற்பேட்டையாக்குவதும், குழி தோண்டி மரம் நட்டு 'பசுமையாக்குவதும்' யாருக்கும் உறுத்துவதில்லை.

மேற்கே பீமாசங்கர் போனால் வேறொரு பாடம். 1985இல் சரணாலயமான அந்த மலைக்காட்டில் 'ஷேக்ரு' என்று மராத்தியர் அழைக்கும் மலை அணில் வாழ்கிறது. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கு அது. மரவிதானத்தைவிட்டு அது பெரும்பாலும் கீழே இறங்குவதில்லை. யானைக்கு வழித்தடம் என்றால் மைல் கணக்கில் நிலம். ஷேக்ருவுக்கு ஒரு தாவலில் எட்டும் தொலைவில் அடுத்த கிளை இருந்தால் போதும், இல்லாவிட்டால் அங்கே உலகம் முடிந்தது. ஆகவே 'வழித்தடம்' என்ற ஒரே சொல்லை எல்லா உயிருக்கும் ஒரே அளவில் தைத்துவிட முடியாது.

இடைநிலத்தில் விலங்கு எப்படி நடக்கிறது என்பதை நமக்குக் காட்டிக்கொடுத்தவை இரண்டு விலங்குகள். 2009இல் அகமதுநகர் மாவட்டத்தில் கிணற்றில் விழுந்த ஒரு முதிய ஆண் சிறுத்தையை மீட்டு, கழுத்துப்பட்டை பொருத்தி, மால்ஷேஜ் கணவாயில் விட்டார்கள். காட்டுயிர் ஆய்வாளர் வித்யா ஆத்ரேயாவின் குழு அதற்கு 'அஜோபா' என்று பெயரிட்டது. மராத்தியில் தாத்தா என்று பொருள். அந்தத் தாத்தா வயல்களையும் நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் கடந்து, வசாய் கழியைத் தாண்டி, ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மும்பை சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை அடைந்தது. வழியில் யாரையும் தாக்கவில்லை. இரண்டாண்டு கழித்து, 2011இல், நெடுஞ்சாலையில் வாகனம் மோதி இறந்தது.

இன்னொன்று யவத்மாள் மாவட்டத்துத் திபேஷ்வர் சரணாலயத்தில் பிறந்த ஓர் இளம் ஆண் புலி. 2019இல் கழுத்துப்பட்டை அணிந்து புறப்பட்ட அது, மகாராஷ்டிர, தெலங்கானா மாவட்டங்கள் பலவற்றைக் கடந்து, 3000 கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, புல்டாணா மாவட்டத்து ஞானகங்கா சரணாலயத்தில் தங்கியது. பகலில் பதுங்கி, பெரும்பாலும் இரவில் நடந்தது. அது கடந்தது பருத்தி வயல்களையும் ஓடைக்கரைகளையும் ஊர்ப்புறப் புதர்களையும். நம் வரைபடத்தில் அவை எதுவும் காடு அல்ல. நடந்து சேர்ந்த இடத்தில் அதற்கு இணையாக ஒரு பெண் புலிகூட இல்லை.

இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. அந்த இடைநிலத்தில் வாழ்பவர்களின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். ஜுன்னர் வட்டாரத்தில் குகடி பாசனத் திட்டம் வந்து கரும்பு பரவியது. கரும்புத் தோட்டம் சிறுத்தைக்கு மறைவிடமும் குட்டி ஈனும் இடமும் ஆயிற்று. மக்கள் முறையிட்டபோது, பிடித்துத் தொலைவில் விடுவதே தீர்வு என்று நினைத்தார்கள். வித்யா ஆத்ரேயாவும் உடன் ஆய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட கட்டுரை அதன் விளைவைக் கணக்கிட்டது. 2001இல் இடமாற்றம் தொடங்கிய பிறகு, ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17 ஆக உயர்ந்தது. தன் நிலத்தை அறிந்த விலங்கைப் பெயர்த்து, அறியாத ஊருக்குள் இறக்கிவிட்டோம். காட்டின் மொழியில் இணைப்பு என்பது விலங்கு தானாக நடப்பது. நாம் கூண்டில் ஏற்றி இறக்குவது இணைப்பு ஆகாது. ஜுன்னரிலும் சிரூரிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார் இருக்கிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத எந்த வாக்கியத்தையும் இந்த மேடையில் நாம் சொல்லக் கூடாது.

செய்யக்கூடியவை இல்லாமல் இல்லை. பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியே போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையின் மகாராஷ்டிரப் பகுதியில், நீண்ட வழக்குக்குப் பிறகு, விலங்குகள் கடக்க ஒன்பது கட்டமைப்புகள் அமைந்தன. அவற்றில் மிக நீண்டது 750 மீட்டர். 2019இல் இந்திய வன உயிரின நிறுவனம் வைத்த கேமராக்களில் 18 வகை விலங்குகள் பதிவாயின. புலிகளும் மான்களும் அந்தக் கட்டமைப்புகளின் கீழே நடந்தன. கோவை மதுக்கரைப் பக்கம் யானைகள் ரயிலில் அடிபட்டு இறந்த தடத்தில், 2024 முதல் செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் யானை நெருங்குவதை முன்னறிவிக்கின்றன. வால்பாறையில், ஒரு சதுர கிலோமீட்டருக்கும் சிறிய புதுத்தோட்டம் காட்டுத் துண்டிலுள்ள சோலைமந்திகளுக்காகச் சாலைக்கு மேலே விதானப் பாலங்கள் தொங்குகின்றன. தேயிலைக்கு நடுவே எஞ்சிய மழைக்காட்டுத் துண்டுகளில் அந்த மண்ணுக்கு உரிய மரக்கன்றுகளை இருபதாண்டுக்கும் மேலாக நட்டு வளர்த்துவருகிறது இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை. யானை வரும் செய்தியைத் தோட்டத் தொழிலாளர்களின் கைபேசிக்கு அனுப்பும் ஏற்பாடும் அங்கே வேரூன்றியது. பாலமும் நாற்றும் குறுஞ்செய்தியும் சேர்ந்தால்தான் ஒரு வழித்தடம் உயிரோடு இருக்கும் என்பதற்கு வால்பாறை சான்று.

ஆனால் பாலம் கட்டிய மறுஆண்டே அதன் இருபுறமும் 'என்.ஏ. பிளாட்' என்று விவசாயம் நீங்கிய மனைகளின் விளம்பரப் பலகை முளைத்தால், பாலத்தின் அடியில் நடக்க விலங்கு எங்கிருந்து வரும்? லோணாவளா முதல் முல்ஷி வரை சஹ்யாத்ரிச் சரிவுகளில் வேலியிட்ட பண்ணை வீடுகள் பெருகுவதை நீங்கள் நாள்தோறும் பார்க்கிறீர்கள். சட்டம் இல்லாமல் இல்லை. புலிகள் காப்பகங்களை இணைக்கும் நிலத்தைத் தேசிய வன உயிரின வாரியத்தின் ஒப்புதல் இன்றி சூழல் தாங்காத பயனுக்குத் திருப்பக் கூடாது என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. புலிகளுக்கு 32 முதன்மையான வழித்தடங்கள் 2014இல் இனங்காணப்பட்டன. யானைகளுக்கு 150 என்று 2023இல் மத்திய அரசின் அறிக்கை கணக்கிட்டது. நீலகிரி சீகூர் பீடபூமி வழித்தடத்தை உயர்நீதிமன்றம் 2011இலும் உச்சநீதிமன்றம் 2020 அக்டோபரிலும் உறுதிசெய்தன. அங்கேகூட, சொகுசு விடுதியையும் சிறு விவசாயியின் வீட்டையும் ஒரே தட்டில் நிறுத்திவிடுவார்களோ என்ற அச்சம் மசினகுடி மக்களிடம் எழுந்தது. அந்த அச்சத்தை அலட்சியம் செய்த இடத்தில் யானைக்கும் நன்மை விளையாது.

மகாராஷ்டிரத்தில் ஒருவருடைய நிலத்தின் உயிர் 'சாத்பாரா' என்னும் தாளில் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டா சிட்டாவைப் போல. பயிர், கிணறு, கடன் எல்லாம் அதில் ஏறும். அந்த வயலின் ஓரமாக ஆண்டுதோறும் ஒரு விலங்கு நடந்துபோகிறது என்பது மட்டும் அதில் இல்லை. ஏறினால் விவசாயிக்கு அது சுமையாகுமா, வருமானமாகுமா? வேலி போடாமல் இருப்பதற்கும், ஓடைக்கரைப் புதரை வெட்டாமல் இருப்பதற்கும், ஆட்டை இழந்ததற்கும் காலதாமதம் இல்லாமல் பணம் வந்து சேருமானால் அவர் என்ன சொல்வார்? இதை அவரிடமே கேட்டுப் பார்க்கும் ஆய்வுகள் நம்மிடம் குறைவு. விலங்குக்குக் கழுத்துப்பட்டை போடுவதில் காட்டும் அக்கறையை இந்தக் கேள்விக்கும் காட்டுங்கள் என்று இளம் ஆய்வாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

துண்டுபட்ட நிலத்துக்கு நம் இலக்கிய மரபு ஒரு சொல் வைத்திருக்கிறது. பாலை தனியான நிலம் அல்ல. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத் திரியும்போது பாலை என்னும் வடிவம் பிறக்கிறது என்கிறது சிலப்பதிகாரம். அந்தப் பாலைக்கு உரிய ஒழுக்கம் பிரிவு. பழைய புலவர்கள் வறண்ட நிலத்தில் பிரிவைப் பாடினார்கள். நம் காலத்தில் வரிசை மாறிவிட்டது: முதலில் பிரிக்கிறோம், பிறகு நிலம் வறள்கிறது. மலை பச்சையாகவே தெரியும். உள்ளே அணிலும் மந்தியும் புலியும் தனித்தனியாகத் தேய்ந்துகொண்டிருக்கும். பச்சையாகத் தெரியும் பாலை அது.

இன்றைய அமர்வுகளுக்கு மூன்று பணிகளை ஒப்படைக்கிறேன். புனே மாவட்டத்துப் புல்வெளிகளில் எவை எவற்றை இணைக்கின்றன என்று சர்வே எண் அளவில் ஒரு வரைபடம் தொடங்குங்கள். சாலை, ரயில், கால்வாய் என்று எந்தத் திட்டம் வந்தாலும், கடக்கும் வழியை வரைபடத்திலேயே கேட்கும் முறையை வகுத்துச் சொல்லுங்கள். கட்டி முடித்த பின் கேட்பது வீண்செலவு. இடைநிலத்தில் வாழ்பவருக்குச் சேர வேண்டிய இழப்பீட்டை முதல் அத்தியாயமாக எழுதுங்கள், பின்னிணைப்பாக அல்ல.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த அரங்கை நான் மேடையேறியதும் ஒருமுறை பார்த்தேன். பேராசிரியர்கள் இருக்கிறார்கள், அதிகாரிகள் இருக்கிறார்கள். ஒரு கரும்பு விவசாயி இல்லை, ஆட்டுக் கிடையோடு நடக்கும் ஒரு தங்கர் இல்லை. தமிழில் கூடியது தவறில்லை. ரயிலேறிப் பிழைக்க வந்து இந்த மண்ணில் வேர்விட்டவர்கள் நாம், நமக்கு நம் மொழியில் பேச உரிமை உண்டு. ஆனால் இங்கே எடுக்கும் முடிவுகளை மராத்தியில் எழுதி, அடுத்த கூட்டத்தை ஜுன்னர்ப் பக்கத்து ஊர் ஒன்றின் சாவடியில், அறுவடை முடிந்த ஒரு மாலையில் நடத்துவோம். அங்கே தலைமை அந்த ஊர்க்காரருக்கு. நாம் கேட்டு எழுதிக்கொள்வோம்.

அந்த நம்பிக்கையோடு இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.