கட்டும் நெகிழ்வும்: கரைதோறும் தங்கிச் செல்லும் இரட்டை ஓடப் பயணங்கள்

   

கடலோடிகளின் உலகுக்குத் தமிழ் வழங்கிய சொற்களுள் இன்றும் நாள்தோறும் புழங்குவது ‘கட்டுமரம்’. ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் முதலிய மொழிகளில் அது ‘கேட்டமரான்’ என்னும் சாயலில் வாழ்கிறது. ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர், 1697இல் வெளியான தம் உலகப் பயண நூலில், சோழமண்டலக் கரையில் இப்பெயர் வழங்குவதைக் குறித்துள்ளார். அவர் கண்டது இலேசான மரத்துண்டு ஒன்றோ இரண்டோ. அதன்மேல் ஒரு மனிதன். அவன் கால்களோ எந்நேரமும் நீரில்.

பின்னர் அச்சொல் வேறொரு கலத்தின்மேல் ஏறிக்கொண்டது. இரண்டு ஓடங்களை இடைவெளிவிட்டு இணையாக நிறுத்தி, குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, நடுவே மேடையிட்ட கலம் அது. அதன் தாயகம் சோழமண்டலக் கரை அன்று; பசிபிக் தீவுகள். பாலினேசிய மக்கள் தென்னை நார்க் கயிற்றால் ஓடங்களைப் பிணைத்துப் பெருங்கடலைக் கடந்தவர்கள். அமெரிக்காவில் நத்தானியல் ஹெர்ரஷாப் என்னும் படகு வல்லுநர் 1876இல் ‘அமரில்லிஸ்’ என்ற இரட்டை ஓடத்தைப் பந்தயத்தில் செலுத்தி ஏனைய படகுகளை வென்றார். அடுத்த ஆண்டே அவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இத்தகைய கலங்களுக்குத் தமிழனின் சொல்லே பெயராக நிலைத்தது.

இது குறித்துப் பெருமைப்படுவோரும் உண்டு; பெயரைப் பிறர் தவறாக வழங்கிவிட்டனர் என்று குறைப்படுவோரும் உண்டு. இரண்டையும் விட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். மரம் போய் ஒட்டுப் பலகையும் கண்ணாடி இழையும் வந்துவிட்டன. ஆயினும் சொல்லின் முதற்பகுதியாகிய ‘கட்டு’ அக்கலத்தைவிட்டு முற்றும் நீங்கவில்லை. சிறிய இரட்டை ஓடத்தில் ஏறிப் பல நாட்கள் கரைதோறும் கூடாரமடித்துத் தங்கிச் செல்லும் பயணங்களில் இதனைத் தெளிவாகக் காணலாம்.

கரையேறும் கலம்

இப்பயணத்திற்கு வேண்டும் கலத்தின் முதல் இலக்கணம், துறைமுகம் வேண்டாமை. கலிபோர்னியாவில் அலைப்பலகை செய்து வந்த ஹோபி ஆல்டர், 1960களின் இறுதியில், மணற்கரையிலிருந்தே தள்ளி மணற்கரையிலேயே ஏற்றத்தக்க சிறு இரட்டை ஓடங்களை உருவாக்கினார். ‘ஹோபி 16’ எனப்படும் கலம் சுமார் 5 மீட்டர் நீளம், ஏறத்தாழ 145 கிலோ எடை. அடியில் ஆழ இறங்கும் பலகை கிடையாது; தரை தட்டினால் சுக்கான் தானே மேலே மடியும். இரண்டு ஓடங்களுக்கிடையே இழுத்துக் கட்டிய கித்தானே தளம். இது விளையாட்டுக்கென்று பிறந்த கலம். ஆயினும் கூடாரமும் தண்ணீரும் ஏற்றி நெடுந்தொலைவு செல்லலாம் என்று பலர் கண்டுகொண்டனர்.

இவ்வழியில் ஆழ்ந்து சிந்தித்தவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் வாரம் (1928–2021). பாலினேசிய ஓடங்கள் பெருங்கடலுக்கு ஏற்றவை என்பதை மெய்ப்பிக்க, 1950களின் நடுவில் 7 மீட்டரே நீளமுள்ள ‘டாங்கரோவா’வைத் தாமே கட்டி, இரண்டு பெண் துணைவர்களுடன் அட்லாண்டிக்கைக் கடந்தார். பிற்காலத்தில் எளிய மக்கள் தம் வீட்டு முற்றத்தில் ஒட்டுப் பலகை கொண்டு கட்டிக்கொள்ளத்தக்க வரைபடங்களை வெளியிட்டார். அவற்றுள் ‘டிகி 21’ என்பது 6.4 மீட்டர் நீளமே உடையது. கரையோரப் பயணத்துக்கென வரையப்பட்ட அச்சிறு கலத்தில் ரோரி மெக்டூகல் என்பவர் 1991 முதல் 1997 வரை உலகையே சுற்றி வந்தார்.

கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. டிகி கலங்களில் குறுக்குச் சட்டங்களை ஓடங்களோடு இணைப்பது ஆணியன்று, கயிறு. ஏன்? அலைமேல் செல்லும்போது ஓர் ஓடம் ஏற மற்றோர் ஓடம் இறங்கும். இணைப்பு விறைப்பாக இருந்தால் முழுப்பளுவும் ஆணி துளைத்த இடத்தில் குவியும். அங்கே பலகை விரியும். கயிறோ சிறிது நெகிழ்ந்து கொடுத்து, பளுவைச் சுற்று முழுவதும் பகிர்ந்துவிடும். பழுதானால் எந்தக் கரையிலும் புதுக் கயிறு கொண்டு மீண்டும் கட்டலாம். நெகிழ்ச்சி இங்கே வலிமையின் குறை அன்று, வலிமையே அதுதான்.

எவர்கிளேட்ஸ் கரையில்

இத்தகைய பயணத்திற்குப் பேர்பெற்ற கரைகளுள் ஒன்று, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துத் தென்மேற்குக் கரை. அங்கே எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்கா 1947 முதல் காக்கப்பட்டு வருகிறது. எவர்கிளேட்ஸ் சிற்றூரிலிருந்து பிளமிங்கோ வரை உட்புறமாக அலையாத்திக் காடுகளினூடே 99 மைல் நீளத் துடுப்புப் படகு வழி ஒன்று உண்டு. பாய் விரிப்போர் பெரும்பாலும் அவ்வழி செல்லார். ‘பத்தாயிரம் தீவுகள்’ என்னும் தீவுக்கூட்டத்தைத் தாண்டி வெளிக்கடலை ஒட்டிச் செல்வர். ரேபிட் கீ, பெவிலியன் கீ ஆகிய தீவுகள், ஹைலண்ட் கடற்கரை, கேப் சேபிள் முனை என இரவுதோறும் தங்கிடங்கள். உரிமச்சீட்டு பெறவேண்டும். ஆமை முட்டையிடும் பருவத்தில் மணலில் தீ மூட்டலாகாது.

அக்கரையில் குடிநீர் கிடையாது. ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர் கொண்டுசெல்க என்பது அங்குள்ள நெறி. இருவர் ஐந்து நாள் செல்வதாயின் 38 லிட்டர். கலத்தின் எடையில் கால் பங்குக்கு மேல் தண்ணீரே ஆகிவிடுகிறது! மெல்லிய குடுவைகளில் வைத்தால் ரக்கூன் என்னும் சிறுவிலங்கு இரவில் வந்து கடித்துக் குடித்துவிடும். தடித்த கலன்களே வேண்டும். எனவே எதனைக் கொண்டுசெல்வது என்பதைவிட எதனை விட்டுச்செல்வது என்பதே புறப்படுமுன் பெருங்கேள்வி.

எடுத்ததை எங்கே கட்டுவது என்பது அடுத்த கேள்வி. பளு முன்னால் சென்றால் காற்று மிகும்போது ஓடத்தின் மூக்கு அலைக்குள் குத்தும். கலம் தலைகுப்புறப் புரளும். பின்னால் மிகுந்தால் வேகம் கெடும். திசை திருப்புவது கடினம். ஆதலின் நடுவில், சற்றே பின்தள்ளி, இரண்டு ஓடங்களுக்கும் சமமாகப் பகிர்ந்து கட்டவேண்டும். கவிழ்ந்தாலும் அவிழக்கூடாது, கரையில் இருட்டில் கைதடவினால் அவிழவேண்டும். இறுகப்பற்றுவதும் எளிதில் விடுவதுமாகிய இவ்விரு குணங்களும் ஒருங்கே உடையதே நல்ல முடிச்சு.

காற்றைப் படிப்பது மூன்றாம் பாடம். கொசு குறைந்த குளிர்காலமே அங்குப் பயணப் பருவம். அப்போது வடக்கிலிருந்து குளிர்காற்று முகப்புகள் அடுத்தடுத்து வரும். தென்கிழக்குக் காற்று மெல்லத் தெற்காகும்; பின் தென்மேற்காகும்; திடீரென்று வடமேற்கிலிருந்து சீறும்; பிறகு வடக்காகி வடகிழக்காகி அடங்கும். மேற்கு நோக்கிய திறந்த மணற்கரையில் இன்று மாலை இனிதாகக் கூடாரமடித்தவன், நாளை விடியலில் தன் கலத்தை அலை கரையில் அறைந்துகொண்டிருக்கக் காண்பான். தென்மேற்குக் காற்று எழும்போதே அடுத்து வருவதை உணர்ந்து தீவின் மறுபுறம் ஒதுங்கவேண்டும். அல்லது ஒருநாள் முழுதும் நகராமல் காத்திருக்கவேண்டும். அக்காத்திருப்புக்கும் சேர்த்தே தண்ணீர் கட்டியிருக்கவேண்டும்.

நான்காவது ஓதம். அக்கரை ஆழமற்றது. ஏற்றத்தில் கடலாக இருந்த இடம் இறக்கத்தில் சேறும் சிப்பித்திட்டுமாகிவிடும். சிப்பியின் விளிம்பு ஓடத்தையும் கிழிக்கும், காலையும் கிழிக்கும். வடகாற்று பலமாக அடித்தால் விரிகுடாவின் நீர் வெளியே தள்ளப்பட்டு, இறக்கம் கணக்கைவிடத் தாழும். காலை ஆறு மணிக்குப் புறப்பட எண்ணியவர், கலத்துக்கும் நீருக்கும் நடுவே விரிந்த சேற்றைப் பார்த்தபடி நண்பகல்வரை அமர்ந்திருப்பதும் உண்டு.

இங்கே கட்டுமரத்தை நினைவுகூர்வது பொருந்தும். கரைசேர்ந்ததும் மீனவர் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே தூக்கிச் சென்று உலர்த்துவர்; மறுநாள் மீண்டும் கட்டுவர். தனியாகத் தூக்க இயலாத பளுவைப் பகுத்துத் தூக்கும் அறிவு அது. அவிழ்க்கத் தெரிந்தவனே கட்டத் தெரிந்தவன் என்பதை நாள்தோறும் மெய்ப்பித்த தொழில்.

அப்புளோரிடாக் கரையில் 2001 முதல் ‘எவர்கிளேட்ஸ் சேலஞ்ச்’ என்னும் நெடும்பயணப் போட்டி நடத்தப்பட்டு வந்துள்ளது. டாம்பா விரிகுடாவிலிருந்து கீ லார்கோ வரை சுமார் 300 மைல். எட்டு நாள் கெடு. ஓத எல்லைக்கு மேலே மணலில் நிறுத்திய கலத்தைப் பயணிகள் தாமே நீருக்குத் தள்ளவேண்டும் என்பது அதன் தொடக்க விதி. 2015 மார்ச்சில் முதல் நாளே கடுங்காற்றில் பல கலங்கள் கவிழ்ந்தன, கடலோரக் காவற்படை பலரை மீட்க நேர்ந்தது, போட்டி நிறுத்தப்பட்டது. இரட்டை ஓடம் நிமிர்ந்திருக்கையில் எவ்வளவு உறுதியோ, தலைகீழாகிவிட்டால் அவ்வளவு உறுதி. அதனாலேயே பாய்மர உச்சியில் மிதவை ஒன்றைப் பொருத்துவாரும் உண்டு. கலம் பக்கவாட்டில் சாயலாம்; முற்றும் கவிழாது. அழகிய மாலைகளைப் பேசுவோர் இதனையும் சேர்த்தே பேசவேண்டும்.

யாப்பும் தளையும்

கவிஞர் நிறைந்த அவையில் இக்கட்டுக்கலை ஏன் பேசப்படுகிறது? தமிழன் செய்யுளுக்கு இட்ட பெயர்களே விடை. யாத்தல் என்றால் கட்டுதல்; அதனால் யாப்பு. சீரும் சீரும் பிணைவது தளை. விலங்குக்கும் அதுவே பெயர். தொடுத்தலால் தொடை. உடம்பையும் எலும்பு, தசை, நரம்பு கொண்டு கட்டப்பட்டது என்னும் கருத்தில் யாக்கை என்றனர். கலமும் கவிதையும் உடம்பும் தமிழில் ஒரே வினையால் உண்டாகின்றன.

இக்கட்டு எத்தகையது என்பதே மரபுக்கவிதையினர்க்கும் புதுக்கவிதையினர்க்கும் இடையே நெடுங்காலம் நிகழ்ந்துவரும் வழக்கு. ஓசை தவறக்கூடாதென்று ஆணியறைந்தாற்போல் சொற்களைப் பொருத்தினால், பொருள் எழும்பும்போது செய்யுள் விரிகிறது; அசைச்சொல் இட்டு நிரப்பிய அடிகளில் அவ்விரிசலைக் காணலாம். கட்டே வேண்டாவென்று சொற்களை மிதக்கவிட்டால் முதல் அலையிலேயே அவை திசைக்கொன்றாய்ப் போகின்றன. யாப்பைத் துறந்தவனும் கட்டைத் துறக்க இயலாது. எந்தச் சொல் எந்தச் சொல்லைப் பற்றிநிற்கிறது என்பதை ஒவ்வொரு முறையும் தானே முடிவுசெய்யும் பொறுப்பு அவனுடையது. பற்றவும் வேண்டும், நெகிழவும் வேண்டும். கலம் கட்டுவோர் கயிற்றில் கண்டதையே நல்ல கவிஞர் ஓசையில் கண்டனர்.

இன்னொன்றும் உண்டு. நெய்தல் திணையின் உரிப்பொருள் இரங்கல். கடல்மேற் சென்றவனை எண்ணிக் கரையில் நிற்பவளின் துயரமே பெரும்பாலும் பாட்டாயிற்று. கரையிலிருந்து கடலைப் பார்த்த பாட்டு மிகுதி. கடலிலிருந்து கரையைப் பார்த்த பாட்டு குறைவு. சிறு ஓடத்தில் செல்வோனுக்குக் கரை காட்சியன்று. எங்கே அலை உடைகிறது, எங்கே உடையவில்லை, எந்த மரத்துக்கு நேரே வாய்க்கால் இருக்கிறது என்று கணந்தோறும் படிக்கவேண்டிய ஏடு. அந்தப் பார்வை தமிழ்க் கரையில் இல்லாமலில்லை. அது மீனவரின் பேச்சில் இருக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’, ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’ போன்ற நாவல்கள் அப்பேச்சின் ஒரு பகுதியை ஏட்டுக்குக் கொணர்ந்தன. கவிதை இன்னும் கரையிலேயே நிற்கிறது.

செய்யத்தக்கது

காலம் அதிகமில்லை. கண்ணாடி இழைப் படகும் இயந்திரமும் கட்டுமரத்தின் இடத்தைப் பிடித்து வந்த நிலையில், 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப்பின் நிவாரணமாக வந்த புதுப்படகுகள் அம்மாற்றத்தை விரைவாக்கின. மீனவர் உழைப்பு எளிதானதை யாரும் குறைகூற இயலாது. ஆனால் கட்டு போனால் கட்டின் பெயர்களும் போகும். வாடையும் கொண்டலும் கோடையும் தென்றலும் அகராதியில் நிற்கும். அவற்றுக்கிடையே ஊருக்கு ஊர் வேறுபடும் காற்றுப் பெயர்கள், நீரோட்டப் பெயர்கள், மரங்களின் வரிசைப் பெயர்கள், முடிச்சுகளின் பெயர்கள் ஆகியவை முதியவர் நாவோடு மறையும்.

பொழுதுபோக்குக்காகப் புளோரிடாக் கரையில் செல்வோர், தம் வழி, காற்று, ஓதம், முடிச்சு அனைத்தையும் நாட்குறிப்பில் எழுதிவைக்கின்றனர். பிழைப்புக்காகப் பன்னூறாண்டு கடலேறியவரின் அறிவு எழுதப்படாமலே போகலாமா? பத்தாண்டு நிறைவின் நினைவாக, இவ்வட்டத்தின் உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு கடற்கரையூருக்குச் சென்று, கட்டுமரம் கட்டியறிந்த ஒரு முதியவரிடம் அமர்ந்து, பத்துச் சொற்களைக் கேட்டுவரலாம். சொல்லை அவர் ஒலித்தவாறே எழுதவேண்டும். ஊரையும் நாளையும் குறிக்கவேண்டும். பொருளை அகராதியிலிருந்தன்றி அவர் வாயிலிருந்தே பெறவேண்டும். கயிற்றை அவர் கையில் கொடுத்து முடிச்சைப் போட்டுக்காட்டச் சொல்லவேண்டும். அச்சொற்கள் பாட்டில் வந்தாலும் வரலாம். வராவிடினும் தொகுப்பாக நிற்கும்.

உலகெங்கும் போன சொல் பிறந்த கரையில் பொருளிழந்து நிற்கலாகாது. அதனைக் கட்டிக் காப்பது கவிஞர் கடன்.