தீபாவளிச் சீரும் குடும்பக் கணக்கும்

(கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் சங்க அங்கத்தினர்களிடையே நிகழ்த்திய பிரசங்கம்)



பொங்கல் தை மாதத்தில் சம்பா அறுவடையோடு வருகிறது. அப்பொழுது வீட்டில் நெல் உண்டு. தீபாவளியோ ஐப்பசியில் வருகிறது. குறுவை விளையாத ஊர்களில் அச்சமயம் பயிர் வயலில் நிற்கும். நடவுக்கும் களையெடுப்புக்கும் கூலி கொடுத்துக் கை ஓய்ந்திருக்கும். அப்பொழுதுதான் மகளுக்குத் தலைத் தீபாவளி, மருமகனுக்கு வேஷ்டியும் மோதிரமும், சம்பந்தி வீட்டாருக்குப் பட்சணம். ஆகவே ஜவுளிக் கடைக்கு முன் அடகுக் கடைக்குச் செல்கிறோம்.

யானும் இதற்கு விலக்கல்லன். என் தங்கையின் தலைத் தீபாவளிக்கு, நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டியில் ரூ. 4,500 வாங்கினேன். தையில் அடைப்பதாக எண்ணியிருந்தேன். பொங்கற் சீர் குறுக்கிட்டது. மறு தீபாவளிக்குள் வட்டி மாத்திரம் ரூ. 1,080. அவ்வருஷம் என் மனைவிக்குப் புடவை இல்லை. அவள் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டியதில்லை; அதுவே எனக்குப் பெருந்தண்டனை.

சீரை நிறுத்துங்கள் என்று சொல்ல வரவில்லை. பிறந்தகத்துச் சேலையை எதிர்நோக்கும் பெண்ணின் மனத்தை யான் அறிவேன். நெல் விற்ற அன்றே தீபாவளிப் பணத்தைச் சங்கத்தில் வைப்பீடு செய்யுங்கள். பால் பணமோ கூலியோ பெறுவோர் தை முதல் புரட்டாசி வரை மாதம் ரூ. 500 கட்டினால் 9 மாதத்தில் ரூ. 4,500 சேரும், வட்டியும் நமக்கே. 1904-ஆம் வருஷத்து ஐக்கிய நாணயச் சங்கச் சட்டமும் தன் முகவுரையில் சிக்கனத்தையே முதலிற் குறித்தது.

பாஸ் புத்தகம் வீட்டு அம்மாளிடம் இருக்கட்டும். கணக்குத் தொடங்க விரும்புவோர் இக்கூட்டம் கலையுமுன் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம்.