தலைக்கு மேலே
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கட்டிடங்களில் தீப்பாதுகாப்பு பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார் சங்கச் செயலாளர். உடையார்பாளையத்துக்காரனுக்கு இது புத்தகத்தில் மட்டும் படித்த விஷயம் இல்லை. 2004 ஜூலை 16 அன்று நான் எட்டாம் வகுப்பு. அணைக்கரையைத் தாண்டினால் கும்பகோணம். அங்கே ஒரு பள்ளியின் சமையல் கூடத்து நெருப்பு கீற்றுக் கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்து போனார்கள். மாடியிலிருந்து இறங்கக் குறுகலான படிக்கட்டு. அதே ஆண்டு ஜனவரி 23-ல் ஸ்ரீரங்கத்துத் திருமண மண்டபத்தில் 50 பேருக்கு மேல் இறந்ததும் கீற்றுப் பந்தல் எரிந்துதான்.

எங்கள் பள்ளியின் கீற்றுக் கொட்டகையை உடனே பிரித்துப் போட்டார்கள். கொஞ்ச நாள் வேப்பமரத்தடி. பிறகு தகரம் வந்தது. (சுற்றிலும் சுண்ணாம்புக்கல் சுரங்கம், ராத்திரி பகலாக சிமெண்ட் லாரி ஓடுகிற சீமை இது. நம்ம பிள்ளைகள் தலைக்கு மேலே மட்டும் கீற்றும் தகரமும்!)

தகரம் எரியாது, உண்மைதான். ஆனால் சித்திரை வெயிலில் அதன் கீழே உட்கார முடியுமா? உடனே அடியில் தெர்மாகோல் அடிக்கிறோம். நானும் அடித்தேன். வேலைக்கு வந்த இரண்டாம் வருஷம், ஒரு வீட்டு மாடியில் டியூஷன் கொட்டகை. செலவு குறைவு, குளுகுளுவென்று இருக்கும் என்று நானே வரைந்து கொடுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்விசிறி இணைப்பில் பொறி தட்டியது. தெர்மாகோல் 100 டிகிரியை ஒட்டியே இளகிவிடும். தீப்பிடித்தால் எரிந்துகொண்டே சொட்டும். கீழே பிள்ளைகள் உட்காரும் பாய் முழுக்கக் கருகிப் பொத்தல். அறையெல்லாம் கரும்புகை. லீவு நாள், பிள்ளைகள் இல்லை. வீட்டுக்காரர் வயர்மேனைத் திட்டித் தீர்த்தார். 'மேற்கூரைக்கு இதைச் சொன்னது யாருப்பா?' என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. இந்த மேடையில்தான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

இப்போது நான் ஜிப்சம் பலகைதான் போடுவேன். காரைப் பக்கம் களிமண்ணுக்குள் பளபளவென்று கிடக்குமே, அதே ஜிப்சம். அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கு நீர், படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. தீ அந்த நீரை ஆவியாக்கி முடிக்கிறவரை பலகைக்கு அப்பால் சூடு ஏறாது. அந்த நேரத்தில் வகுப்பே வெளியே வந்துவிடும், வாசல் இருந்தால். விலை கூடுதல் என்பார்கள். படிக்கட்டு அகலத்தில் ஓர் அடி கூட்டச் சொன்னாலும் இதே பேச்சுதான்.

இரும்பை நம்பி ஏமாறாதீர்கள். 550 டிகிரி வாக்கில் அதன் பலம் ஏறத்தாழ பாதியாகிவிடும். எரியாமலே வளைந்து விழும். கான்கிரீட்டுக்குள் கம்பி பத்திரமாக இருப்பது மேலே உள்ள கவர் கனத்தால்தான். கவர் பிளாக் துருவுக்கு மட்டும் என்று நினைக்கும் தம்பிகள் ஐ.எஸ். 456-ஐ ஒரு தரம் புரட்டுங்கள். தீக்கென்றே தனி அட்டவணை இருக்கிறது.

மதியச் சாப்பாட்டுப் பந்தல் கீற்றுதான், காலையிலேயே பார்த்தேன். அடுப்பை இருபது அடி தள்ளி வைக்கவும், பின்பக்கத் தட்டியை எடுத்து இன்னொரு வழி விடவும் சொன்னேன். செயலாளர் சிரித்துக்கொண்டே செய்து கொடுத்தார். சாம்பார் ஆறி வந்தால் என்னைத் திட்டுங்கள்.